"கிராப் எ பைட்" என்றால் என்ன? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் மாலை நேரங்களில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன்னால் பல வருஷம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்தேன். வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஆட்டோவும் வேனும் ஓட்டுகிறவர்கள், மீதிப் பேர் ஹோட்டல் வேலைக்குப் போகப்போகிற தோட்டத்துப் பிள்ளைகள். இலக்கணமெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனால் எல்லவுக்கும் நுவரெலியாவுக்கும் வருகிற வெளிநாட்டுக்காரர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிற சின்னச் சொற்களில்தான் தடுமாறுகிறார்கள். அப்படித் தடுமாற வைக்கிற சொற்களில் இந்தச் சாப்பாட்டுச் சொல்லைப் பற்றித்தான் என்னிடம் அதிகமாகக் கேட்டிருக்கிறார்கள். கேட்டதையும் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், "கிராப் எ பைட்" என்றால் என்ன?

நேரம் அதிகம் இல்லாதபோது, பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லாமல், கிடைக்கிறதைச் சட்டென்று சாப்பிடுவது. "லெட்ஸ் கிராப் எ பைட்" என்றால் "வாங்க, ஏதாவது சாப்பிட்டுட்டுப் போயிடலாம்" என்று அர்த்தம். பேச்சு வழக்குச் சொல், நண்பர்களுக்குள் புழங்குவது. இதைக் கேட்டதும் எல்லாரும் என்ன சாப்பாடு, எவ்வளவு சாப்பாடு என்று யோசிக்கிறார்கள். சொல்கிறவர் மனதில் அது இல்லை, கையில் இருக்கிற நேரம்தான் இருக்கிறது. அரை மணித்தியாலம் இருக்கிறது, அதற்குள் வயிற்றுக்கு ஏதாவது போட வேண்டும், அவ்வளவுதான். ஒரு பணிஸ் தின்றாலும் அது கிராப் எ பைட்தான், பத்து நிமிஷத்தில் ஒரு முழுக் கொத்து ரொட்டியை முடித்துவிட்டு எழுந்தாலும் அதுவும் கிராப் எ பைட்தான்.

"கிராப்" என்றால் பறிப்பது, "பைட்" என்றால் கடி. இது எப்படிச் சாப்பாடு ஆனது?

ஒரு தங்கச்சி தன் கொப்பியில் "ஒரு கடியைப் பிடி" என்று எழுதி வைத்திருந்தது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் அப்படித்தான் வரும், அதில் அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாமும் "ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்கிறோம். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், கேட்கிறவர் திகைத்துப் போவார். நமக்கு வாய் அளவு, அவர்களுக்குக் கடி அளவு. சோறு சாப்பிடுகிறவன் வாயால் அளக்கிறான், ரொட்டியும் இறைச்சியும் சாப்பிடுகிறவன் கடியால் அளக்கிறான் என்று வகுப்பில் சொல்வேன். இது நானே நினைத்துக்கொண்ட விளக்கம், ஆனால் பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னால் மறப்பதில்லை.

அந்த மொழியில் இது இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. துண்டு என்ற அர்த்தத்தில் "எ பிட்" என்கிறார்களே, அதுவும் "பைட்"டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பழைய ஆங்கிலத்தில் அது கடித்தெடுத்த துண்டைக் குறித்தது. ஆக "எ லிட்டில் பிட்" என்று நாள் முழுக்கச் சொல்கிறவர்கள் தெரியாமலே கடியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். "மோர்சல்" என்ற சொல்லுக்கு லத்தீனில் கடி என்று பொருள்படும் சொல்தான் மூலம். "ஸ்நாக்" என்பதும் பழைய டச்சு மொழியில் கடிப்பது, கவ்வுவது என்பதிலிருந்து வந்தது. கொஞ்சம் சாப்பாடு என்று சொல்ல வருகிற இடத்திலெல்லாம் அங்கே பல்தான் முன்னால் நிற்கிறது.

"கிராப்" என்பதில் முரட்டுத்தனம் எதுவும் இல்லை. "கிராப் எ சீட்" என்றால் சும்மா உட்காருங்கள். "கிராப் எ கோப்பி" என்றால் ஒரு கோப்பி குடிக்கலாம். யாரிடமிருந்தும் எதையும் பறிக்கச் சொல்லவில்லை. வேகமும் சாதாரணத்தன்மையும்தான் அந்தச் சொல்லில் இருக்கிறது.

நம்ம ஊரில் "பைட்ஸ்" என்றால் வேறு அர்த்தம் ஆயிற்றே?

ஆமாம், குழப்பமெல்லாம் தொடங்குவதே இங்கேதான். இலங்கையில் "பைட்" என்றால் பியருக்கோ சாராயத்துக்கோ தொட்டுக்கொள்கிற அயிட்டம். டெவல் செய்த, அதாவது காரமாக வதக்கிய கோழி, பொரித்த மரவள்ளி, கடலை, சொசேஜ். மலையகத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். வெளிநாட்டுக்காரருக்குத் தெரியாது.

என்னிடம் படிக்கிற ஒரு தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன். சிவனொளிபாத மலைக்கு சீசன் நேரத்தில், அதாவது டிசம்பர் பௌர்ணமிப் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரைக்கும், மலையடிவாரத்து நல்லதண்ணியிலிருந்து ஹட்டன் ஸ்டேசனுக்கு ஓட்டம் ஓடுகிற பையன். 2,243 மீற்றர் மலையை ராத்திரி முழுக்கப் படியேறி, விடியலைப் பார்த்துவிட்டு, முழங்கால் நடுங்க இறங்கி வந்த ஒரு ஜோடி அவன் வண்டியில் ஏறியது. அவர்களுக்கு எல்லவுக்கு ரயில் பிடிக்க வேண்டும். வழியில் "கேன் வி கிராப் எ பைட் சம்வேர்?" என்று கேட்டிருக்கிறார்கள். தம்பிக்கு "பைட்" மட்டும் காதில் விழுந்தது. பாவம், நல்ல மனதோடு, நல்ல பைட் கிடைக்கிற இடம் எது என்று யோசித்து, பார் வைத்த ஒரு ரெஸ்டூரண்டில் கொண்டுபோய் இறக்கினான். அங்கே டெவல் கோழி ஓடர் எடுத்து, வெங்காயம் வெட்டி, அடுப்புப் பற்றவைத்து மேசைக்கு வர முக்கால் மணித்தியாலம். ஸ்டேசனுக்குப் போனபோது ரயில் போய்விட்டது.

"அண்ணே, அவங்க பைட் வேணும்னுதான் கேட்டாங்க, நான் நல்ல இடமாத்தான் கூட்டிட்டுப் போனேன்" என்று அன்றைக்குச் சாயங்காலம் வந்து சொன்னான். அவன் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அவர்கள் கேட்டது ரோட்டோரக் கடையில் நின்ற நிலையில் இரண்டு ரோல்ஸும் ஒரு பிளேன்டீயும். ஐந்து நிமிஷ வேலை.

அப்படியானால் நம்ம "பைட்ஸ்" பிழையான ஆங்கிலமா?

இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். இலங்கையில் எல்லா இனத்தாரும் இத்தனை காலமாகப் பேசி வருகிற ஆங்கிலத்துக்கு அதற்கென்று சொற்கள் இருக்கின்றன, "பைட்ஸ்" அதில் ஒன்று. கடை போர்டில் எழுதியிருப்பதை அழிக்க வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். தமிழிலேயே "கடிச்சுக்க என்ன இருக்கு?" என்று கேட்கிற வழக்கம் நமக்கு உண்டு, கஞ்சிக்கு வெங்காயம் கடித்துக்கொள்கிற மாதிரி. நம்ம பைட்ஸ் அதே கடிச்சுக்கதான். "கிராப் எ" என்று முன்னால் வந்து, "பைட்" என்று ஒருமையில் முடிந்தால் வெளிநாட்டு அர்த்தம். "பைட்ஸ்" என்று பன்மையில், போத்தலுக்குப் பக்கத்தில் வந்தால் நம்ம அர்த்தம். இந்த ஒரு வித்தியாசத்தைக் காதில் வாங்கிக்கொண்டால் போதும்.

"ஷோட் ஈட்ஸ்" என்று சொன்னால் அவர்களுக்குப் புரியுமா?

பெரும்பாலும் புரியாது, அதுவும் நம்ம நாட்டு ஆங்கிலம். ரோல்ஸ், பெட்டிஸ், கட்லட், மாலு பணிஸ், வடை எல்லாவற்றுக்கும் சேர்த்து நாம் வைத்திருக்கிற பெயர். "ஸ்நாக்ஸ்" என்று சொல்லுங்கள், உடனே புரியும். உண்மையில் யாராவது "கிராப் எ பைட்" என்று கேட்டால் அதற்கு ஷோட் ஈட்ஸ் கடையைவிடப் பொருத்தமான இடம் மலையகத்தில் இல்லை.

ஆனால் கூட்டிக்கொண்டு போகிறவர் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நம்ம கடைகளில் உட்கார்ந்ததும் ஒரு தட்டு நிறைய எல்லாவற்றையும் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள், தின்றதற்கு மட்டும் எண்ணிக் காசு எடுப்பார்கள். நமக்கு இது சாதாரணம். வெளிநாட்டுக்காரருக்கு, தான் கேட்காத பத்துப் பன்னிரண்டு அயிட்டம் முன்னால் வந்து நிற்கிறது, எல்லாவற்றுக்கும் பணம் கட்டச் சொல்வார்களோ என்ற பயம் வந்துவிடுகிறது. தட்டைத் தொடாமலே எழுந்து போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். "யூ ஒன்லி பே ஃபோர் வாட் யூ ஈட்" என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். முகம் எப்படி மலர்கிறது என்று பாருங்கள்.

வாக்கியத்தில் எப்படிப் போடுவது?

கூப்பிடும்போது: "டூ யூ வாண்ட் டு கிராப் எ பைட்?" ஏற்கனவே சாப்பிட்டாயிற்று என்றால்: "ஐ கிராப்ட் எ பைட் ஆன் த வே", வருகிற வழியில் சாப்பிட்டுவிட்டேன். போகிற வழியில் நிறுத்தலாம் என்று சொல்ல: "வி கேன் ஸ்டொப் அன்ட் கிராப் எ பைட் இன் தலவாக்கலை." சிலர் பின்னால் "டு ஈட்" சேர்த்து "கிராப் எ பைட் டு ஈட்" என்பார்கள். கடித்த பிறகு சாப்பிடாமல் வேறு என்ன என்று கேட்காதீர்கள், அது அப்படியே பழகிப்போன வழக்கு, இரண்டும் சரி.

"கிராப் த பைட்" என்று சொல்லக்கூடாது. "கிராப் பைட்ஸ்" என்றும் வேண்டாம். "எ" என்பதை விடாதீர்கள், நம்மவர்கள் விழுங்குவது அதைத்தான். "கிராப்" இடத்தில் "ஹேவ்" அல்லது "கெட்" போட்டால் அவசரம் கொஞ்சம் குறையும், அர்த்தம் மாறாது.

அவர்கள் சொல்லும்போது எனக்குப் புரிவதே இல்லை, ஏதோ ஒரே சொல்லாகக் கேட்கிறது.

ஒரே சொல்லாகத்தான் சொல்கிறார்கள். "க்ராபபைட்" என்று ஒரே மூச்சில் ஓடிவிடும். மூன்று சொல்லாகக் கேட்கக் காத்திருந்தால் காதில் விழாது.

சொல்லும்போது நமக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. தமிழில் எழுதினால் சண்டைக்கும் "பைட்"தான், கடிக்கும் "பைட்"தான். எழுத்தைப் பார்த்துப் படித்தவர்கள் இரண்டையும் ஒரே மாதிரிச் சொல்லிவிடுகிறார்கள். கடிக்கு இரண்டு உதடும் ஒட்டிப் பிரிய வேண்டும், தொண்டை அதிர வேண்டும், "பம்பரம்" என்பதில் நடுவில் வருகிற ப மாதிரி. சண்டைக்கு மேல்பல் கீழுதட்டில் பட்டுக் காற்று வர வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று நாலு தரம் சொல்லிப் பாருங்கள். பசியோடு வருகிறவரிடம் சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி ஆகிவிடக்கூடாது.

"ஜஸ்ட் எ பைட்" என்று சொல்கிறவருக்கு எவ்வளவு பரிமாற வேண்டும்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

நான் கெஸ்ட் ஹவுஸில் இருந்த காலத்தில், தோட்டத்தைப் பார்க்க ஆசைப்பட்ட இரண்டு பேரை எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, அழைத்துப் போனேன். போகிற வழியிலேயே அந்த அம்மா "வி வுட் லவ் ஜஸ்ட் எ பைட், வி ஹேவ் டு பி பேக் பை த்ரீ" என்றார். எனக்கு முன்பாதி மட்டும்தான் மனதில் நின்றது. அம்மாயியிடம், அதாவது என் அம்மாவின் அம்மாவிடம், "சாப்பிடுறாங்களாம்" என்று சொல்லிவிட்டேன். அம்மாயி சும்மா இருப்பாளா? தேங்காய் துருவினாள். கோதுமை மாவைப் பிசைந்து ரொட்டி தட்டினாள். கட்டசம்பலுக்குக் கொச்சிக்காயை அம்மியில் வைத்தாள். பருப்பு ஏற்றினாள். பக்கத்து வீட்டில் நாலு முட்டை கடன் வாங்கிக்கொண்டு வந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். கல்லிலிருந்து ஒவ்வொரு ரொட்டியாக எடுத்து, ஓரம் கருகியதைத் தனக்கென்று ஒதுக்கிவிட்டு, நல்லதாகப் பார்த்து அவர்கள் தட்டில் அடுக்கினாள். அவர்கள் ஆளுக்கு ஒரு ரொட்டி சாப்பிட்டார்கள். உண்மையாகவே ரசித்துத்தான் சாப்பிட்டார்கள், எனக்கு அது தெரியும். அப்புறம் மணிக்கூட்டைப் பார்த்தார்கள், அம்மாயியின் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள், எழுந்தார்கள். தட்டில் ஆறு ரொட்டியும் முட்டைப் பொரியலும் அப்படியே இருந்தது.

அவர்கள் படலையைத் தாண்டியதும் அம்மாயி கேட்டாள்: "ஏன்டா, நம்ம கை அவங்களுக்குப் பிடிக்கலையா?"

அன்றைக்கு அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. அந்த அம்மா முதலிலேயே சொல்லியிருந்தார், மூன்று மணிக்குத் திரும்ப வேண்டும் என்று. "ஜஸ்ட் எ பைட்" என்பது சாப்பாட்டின் தரத்தையோ நம் வீட்டையோ குறைத்துச் சொல்கிற சொல் இல்லை. எங்களுக்காகக் கஷ்டப்பட வேண்டாம், எங்களுக்கு நேரமும் இல்லை என்பதை மரியாதையாகச் சொல்கிற விதம். நம் வீடுகளில் "ஒண்ணும் வேணாம்" என்று சொன்னால் அது பேச்சுக்கு, இன்னும் இரண்டு போடு என்று அர்த்தம். அவர்கள் சொல்வது பெரும்பாலும் சொன்ன அர்த்தம்தான். ஆகையால் ஒரு ரொட்டி, கொஞ்சம் சம்பல், ஒரு தேத்தண்ணி. அவர்கள் இன்னும் கேட்டால் சந்தோஷமாகப் போடுங்கள். கேட்காவிட்டால் மனம் வருந்த வேண்டாம். அவர்கள் கை நனைத்துவிட்டுத்தான் போகிறார்கள்.

இதற்குச் சரியான தமிழ் என்ன?

"சிற்றுண்டி அருந்துதல்" என்று ஒரு பாடக் குறிப்பில் பார்த்தேன். அது மேடைத் தமிழ், ஆங்கிலச் சொல்லில் இருக்கிற ஓட்டம் அதில் இல்லை. நான் சொல்லிக்கொடுப்பது இவை: "வாயில எதையாவது போட்டுட்டுப் போ." "ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடினேன்." இந்த "அள்ளிப் போட்டுக்கிட்டு" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் "கிராப்" அப்படியே இருக்கிறது. கை வேகமாகப் போகிறது, கால் வாசலில் நிற்கிறது.

காலைப் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்துக்கு, போகிற பெண்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அடுப்படியில் பிள்ளைகளுக்குக் கட்டிவைத்துக்கொண்டே பாதி ரொட்டியைச் சாயத்தண்ணியில் நனைத்து நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, மீதியைத் துணியில் சுற்றிக் கூடைக்குள் போட்டுக்கொண்டு போவார்கள். என் அம்மாவுக்கு அம்மாயி இத்தனை வருஷம் அப்படித்தான் ரொட்டியை மடித்துக் கையில் கொடுத்து அனுப்பினாள். அன்றைக்கு வந்தவர்களுக்குக் கால் மணித்தியாலம்தான் இருக்கிறது என்று நான் ஒழுங்காகச் சொல்லியிருந்தால், அவளுக்கு என்ன செய்வதென்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

"கொறிக்கிறது" என்பது இதற்குச் சமம் இல்லை. அது பொழுதுபோக, பசி இல்லாமல். கிராப் எ பைட்டில் பசி இருக்கிறது.

"லெட்ஸ் கிராப் எ பைட்" என்று கூப்பிட்டால் காசு யார் கொடுப்பது?

நம் வழக்கத்தில் "வாங்க சாப்பிடலாம்" என்று கூப்பிட்டவர்தான் கொடுப்பார், மற்றவர் கொடுக்க வந்தால் கவுண்டரில் கைகலப்பே நடக்கும். இந்தச் சொல்லில் அந்த வாக்குறுதி இல்லை. சேர்ந்து போய்ச் சாப்பிடலாம் என்பது மட்டும்தான், பெரும்பாலும் அவரவர் பில் அவரவருக்கு. வெளிநாட்டு நண்பர் தன் பங்கை மட்டும் எண்ணி வைத்தால் அவர் கஞ்சன் என்று நினைக்காதீர்கள். "இட்ஸ் ஒன் மீ" அல்லது "மை ட்ரீட்" என்று சொன்னால் அவர் கொடுக்கிறார் என்று அர்த்தம். டிரைவர்மார் கவனிக்க: "ஜொயின் அஸ்" என்று மேசைக்கே கூப்பிட்டால் பொதுவாக உங்களுக்கும் சேர்த்து அவர்களே கட்டிவிடுவார்கள், ஆனாலும் பில் வரும்போது பர்ஸில் கை வைப்பது அழகு.

ஒரு பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்டது, கூட வேலை செய்கிற பையன் இப்படிக் கூப்பிட்டால் வேறு அர்த்தமா என்று. இந்தச் சொல்லில் வேறு அர்த்தம் இல்லை, அந்தப் பையன் மனதில் இருந்தால் அது தனிக்கதை. போக விருப்பம் இல்லை என்றால் "தேங்க்ஸ், ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்" போதும்.

கெஸ்ட்டிடம் இதைச் சொல்லலாமா? நேர்முகத் தேர்வில்?

கெஸ்ட் உங்களிடம் சொல்வார், நீங்கள் கெஸ்ட்டிடம் சொல்வதற்கு முன் கொஞ்சம் பழக வேண்டும். இரண்டு மூன்று நாள் கூடவே சுற்றிய கைட் சொல்வது இயல்பு. ஹோட்டல் யூனிஃபோர்ம் போட்டுக்கொண்டு மேசைப் பக்கத்தில் நிற்கிறவர் "வுட் யூ லைக் சம்திங் டு ஈட்?" என்பதுதான் பொருத்தம். நேர்முகத் தேர்வு, விண்ணப்பக் கடிதம், மனேஜருக்கு எழுதுகிற ஈமெயில் எதிலும் வேண்டாம். கல்யாண விருந்து மாதிரி ஆற அமர உட்கார்ந்து சாப்பிடுகிறதற்கும் சொல்லக்கூடாது. அடுக்களையில் நாள் முழுக்க நின்று சமைத்தவர் காதில் அது சுருக்கென்று படும்.

"கேன் ஐ ஹேவ் எ பைட்?" என்று என் ரோல்ஸைப் பார்த்து ஒருவர் கேட்டார். என்ன செய்ய?

அவர் சாப்பிடப் போகலாம் என்று சொல்லவில்லை, உங்கள் கையில் இருப்பதில் ஒரு கடி கேட்கிறார். நெருங்கிய நண்பர்களுக்குள் அங்கே இது சர்வசாதாரணம். நமக்கு எச்சில். கூச்சமாக இருந்தால் ஒரு துண்டைப் பிட்டுக் கொடுங்கள், இரண்டு பேருக்கும் சங்கடம் இல்லை.

"ஐ காட் எ பைட்" என்று கெஸ்ட் கத்தினார், நான் சாப்பாடு கொண்டுபோனேன்...

இங்கே கடி நிஜமாகவே கடி. மழைக்காலத்தில் தேயிலை மலைக்குள் நடந்து வந்தவர் இப்படிச் சொன்னால் முதலில் காலைப் பாருங்கள், அட்டையாகத்தான் இருக்கும். கொஞ்சம் உப்பும் தண்ணியும் துடைக்கத் துணியும் கொண்டுபோங்கள். "கிராப்" வந்தால் வாய்க்கு, இப்படி "காட்" என்று பதறிச் சொன்னால் பெரும்பாலும் தோலுக்கு. அப்புறம் "பைட் மீ" என்று ஒன்று படங்களில் கேட்டிருப்பீர்கள், அது ஆளை அவமதிக்கிற பேச்சு. அதை வாயில் எடுக்கவே வேண்டாம்.

இதே மாதிரி வேறு சொற்கள் என்னென்ன காதில் விழும்?

"டிக் இன்" என்றால் தட்டில் வந்துவிட்டது, தொடங்குங்கள் என்று. "டக் இன்" என்பதும் அதேதான், பிரிட்டிஷ்காரர் பேச்சு. நம்ம பெரிய பள்ளிக்கூடங்களில் "டக் ஷொப்" என்கிறார்களே, அந்த டக் இதுதான், பிள்ளைகள் தின்கிற பண்டம். "பெக்கிஷ்" என்றால் லேசான பசி, இதுவும் பிரிட்டிஷ் பேச்சு. "ஐம் எ பிட் பெக்கிஷ்" என்று ஒருவர் சொன்னால் அவர் கிராப் எ பைட்டுக்குத் தயாராகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "சௌ டவுன்" அமெரிக்கக்காரர் சொல், சாப்பாட்டை ஒரு பிடி பிடிப்பது. "வுல்ஃப் டவுன்" என்றால் மெல்லாமல் விழுங்குவது, ஓநாய் மாதிரி.

இவற்றில் "டிக் இன்" மட்டும் நீங்களும் தைரியமாகச் சொல்லலாம், அதுவும் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம். மற்றவை காதுக்கு மட்டும் போதும்.

"டீ" என்று சொன்னார்கள், தேத்தண்ணி போட்டேன், முழித்தார்கள். ஏன்?

தேயிலை மலையில் இருந்துகொண்டு இது நடக்குமா என்று கேட்காதீர்கள், நடக்கும். இங்கிலாந்தின் வடபகுதி ஆட்களில் பலருக்கு "டீ" என்றால் சாயங்காலச் சாப்பாடு. "வாட்ஸ் ஃபோர் டீ?" என்று கேட்டால் இரவுக்கு என்ன சமையல் என்று கேட்கிறார்கள். நேரத்தைப் பாருங்கள். ஆறு மணி சுமாருக்கு, "ஃபோர்" சேர்த்துக் கேட்டால் அது சாப்பாடு. "எ கப் ஒஃப் டீ" என்றால் மட்டும் சந்தேகமில்லாமல் தேத்தண்ணி.

சொன்னது புரிந்துவிட்டது. ஆனால் எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று தெரியவில்லை. என்ன கேட்க வேண்டும்?

"வாட் ஃபுட் டூ யூ லைக்?" என்று தொடங்காதீர்கள். அதைக் கேட்டால் பேச்சு பீட்சாவில் போய் முடியும். "ஹவ் மச் டைம் டூ யூ ஹேவ்?" என்று கேளுங்கள். பத்து நிமிஷம் என்றால் ஷோட் ஈட்ஸ் கடை. அரை மணித்தியாலம் என்றால் அவசரமாக ஒரு சோறு கறி, பகலாக இருந்தால் சாப்பாட்டுப் பார்சல் வாங்கிக் கையில் கொடுத்துவிடலாம். நேரமே இல்லை, ரயில் வரப்போகிறது என்றால் பயப்பட வேண்டாம், வடைக்காரர்கள் பெட்டிக்குள்ளேயே வருவார்கள், பழைய கொப்பித்தாளில் சுருட்டிச் சூடாகக் கையில் தருவார்கள். "யூ கேன் கிராப் எ பைட் ஒன் த ட்ரெய்ன்" என்று சொல்லி ஏற்றி விடுங்கள். ஹோர்ட்டன் சமவெளிக்கு விடியமுன் புறப்படுகிறவர்கள் என்றால் முதல்நாள் ராத்திரியே கேட்டு வைத்துவிட வேண்டும், அங்கே உலக முடிவு என்கிற மலை விளிம்பில் பனி மூடுவதற்குள் போய்ச்சேர வேண்டுமே, வழியில் அந்த நேரத்துக்குத் திறந்த கடை தேடி நிற்க முடியாது.

ரயிலைத் தவறவிட்ட அந்தத் தம்பி இப்போது ஸ்டேரிங்குக்குப் பக்கத்தில் ரயில் நேரங்களை எழுதி ஒட்டி வைத்திருக்கிறான். யாராவது "க்ராபபைட்" என்று வாயெடுத்தால் முதலில் அந்தத் தாளைப் பார்க்கிறான், அப்புறம்தான் எந்தக் கடை என்று முடிவு செய்கிறான்.